லைட் எரியுது, ஃபேன் ஓடுது... வீட்டு வயரிங் நல்லா இருக்குன்னு அர்த்தமா? மீட்டருக்கு இந்தப் பக்கம் யார் சோதிப்பது?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையை நெல்லை, தூத்துக்குடி மக்கள் லேசில் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. பதிவானது. தாமிரபரணி கரைபுரண்டதில் நெல்லை சந்திப்பு, சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம், கைலாசபுரம் பகுதிகளில் வெள்ளம் சூழ்ந்தது. ஆற்றின் பாளையங்கோட்டைப் பக்கம் வண்ணார்பேட்டை, கொக்கிரகுளத்திலும் அதே நிலைமை. கலெக்டர் அலுவலக வளாகமே தண்ணீரில் நின்றது. உயிரிழப்பைத் தடுக்க, வெள்ளம் சூழ்ந்த இடங்களில் மின்சாரம் நிறுத்தப்பட்டது. தண்ணீர் வடிந்த பிறகு ஒவ்வொரு பகுதியாக சப்ளை திரும்பியது.

அந்த சப்ளை வந்து நின்ற இடம் வீட்டு மீட்டர். அதற்கு உள்ளே, சேறு படிந்த சுவிட்ச் போர்டு, ஈரம் ஊறிய சுவர், தண்ணீரில் மூழ்கிய கிரைண்டர், மோட்டார் எல்லாம் எப்படி இருந்தன? பெரும்பாலான வீடுகளில் இதற்கு நடக்கிற ஒரே சோதனை, மெயினை ஆன் செய்து லைட் எரியுதா என்று பார்ப்பதுதான். எரிந்தால் சரி.

வெள்ளம் வந்த வீட்டுக்கு மட்டும் உரிய பிரச்சினை அல்ல இது. மகாராஜநகரிலோ கே.டி.சி. நகரிலோ 20 வருடமாக ஒரு சொட்டு ஆற்றுத் தண்ணீர் பார்க்காத வீட்டிலும் வயரிங்கை யாரும் மீட்டர் வைத்துச் சோதித்திருக்க மாட்டார்கள்.

மீட்டர் வரைதான் இ.பி.யா?

நடைமுறையில் ஆமாம். கம்பத்தில் இருந்து வரும் சர்வீஸ் வயர், மீட்டர் ஆகியவை மின் பகிர்மானக் கழகத்தின் கணக்கு. அதற்கு அப்பால் சுவருக்குள் ஓடும் ஒவ்வொரு அடி வயரும் வீட்டுக்காரர் பொறுப்பு. புது இணைப்பு வாங்கும்போது உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் வயரிங்கைச் சோதித்து அறிக்கை கொடுக்க வேண்டும். அந்த ஒருநாள் சோதனையோடு பல வீடுகளின் கதை முடிந்துவிடுகிறது. அதன் பிறகு ஏ.சி. வரும், மாடி எழும்பும், பின்பக்கம் ஒரு ரூம் சேரும். வயர் மட்டும் பழையதாகவே கிடக்கும்.

இத்தனைக்கும் சட்டத்தில் இடம் இல்லாமல் இல்லை. 1956-ம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 46-வது விதி, நுகர்வோரின் மின் அமைப்பை 5 ஆண்டுக்கு மிகாத இடைவெளியில் ஆய்வு செய்ய வேண்டும் என்றது. மின் ஆய்வாளரோ, மாநில அரசு சொன்னால் மின்சாரம் வழங்குபவரோ அதைச் செய்ய வேண்டும். மத்திய மின்சார ஆணையம் 2010-லும் 2023-லும் கொண்டுவந்த பாதுகாப்பு ஒழுங்குமுறைகளிலும் இந்தக் காலமுறை ஆய்வு தொடர்கிறது. ஆனால், "வீட்டு வயரிங்கைச் சோதிக்க வந்திருக்கோம்" என்று யாராவது வந்து காலிங்பெல் அடித்ததாகக் கேள்விப்பட்டவர்கள் கை தூக்கலாம்.

ஜப்பானில் சாதாரண வீடுகளையும் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மின் பாதுகாப்புச் சங்கத்தினர் வந்து சோதிக்கிறார்கள். இங்கிலாந்தில் வாடகைக்கு விடும் வீடுகளை 5 ஆண்டுக்கு ஒருமுறை சோதித்து, அந்த அறிக்கையைக் குடியிருப்பவரிடம் கொடுக்க வேண்டும் என்பது 2020-ல் இருந்து சட்டம். பிரான்சில் 15 வருடத்துக்கு மேல் பழைய வயரிங் உள்ள வீட்டை விற்க மின் பரிசோதனை அறிக்கை வேண்டும். இங்கே அதையெல்லாம் நாமே கேட்டு வாங்கினால்தான் உண்டு.

"செருப்பு போட்டுட்டு தொடு"

நெல்லைப் பக்கம் பல வீடுகளில் கேட்கிற வாசகம் இது. "கிரைண்டர தொட்டா லேசா ஷாக் அடிக்கு, செருப்பு போட்டுட்டு தொடு." வீட்டுக்கு வரும் மருமகளுக்கும், வேலைக்கு வரும் அக்காவுக்கும் இது முதல் நாளே சொல்லப்படும். ஃப்ரிட்ஜ் கதவு சுர்ருங்கும், வாஷிங் மெஷினில் கை வைத்தால் விறுவிறுக்கும். அதைக் கோளாறாக யாரும் பார்ப்பதில்லை. அந்தப் பொருளின் குணம் என்று விட்டுவிடுகிறார்கள்.

உண்மையில் நடப்பது என்ன? பொருளுக்குள் ஓடும் பேஸ் வயரில் இருந்து கொஞ்சம் மின்சாரம் அதன் இரும்பு உடம்புக்குக் கசிகிறது. அது தரைக்குப் போக சரியான ஏர்த் வழி இல்லை. தொடுகிறவரின் உடம்பு வழியாகப் போகிறது. செருப்பு போட்டால் தடை கூடுகிறது, அதனால் "லேசா" தெரிகிறது. வீடு கழுவும் நாளில், வெறுங்காலோடு, ஈரக் கையோடு தொட்டால் அதே கசிவு வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

கணக்கு எளிது. நனைந்த உடம்பின் தடையைச் சுமார் 1,000 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ட்டை 1,000-ஆல் வகுத்தால் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர். சுமார் 10 மில்லி ஆம்பியரிலேயே தசை இறுகி, பிடித்த கையை விட முடியாமல் போகலாம். 30 மில்லி ஆம்பியரைத் தாண்டி சில நொடிகள் நீடித்தால் மூச்சுக்கும் இதயத்துக்கும் ஆபத்து.

இப்போது போர்டில் இருக்கும் எம்சிபியைப் பாருங்கள். 16 ஆம்பியர் என்று எழுதியிருக்கும். ஒருவரைக் கொல்லப் போதுமான மின்னோட்டத்தைப் போல அது கிட்டத்தட்ட 70 மடங்கு. ஆள் துடித்துக்கொண்டிருந்தாலும் எம்சிபிக்கு அது ஒரு சின்ன பல்பு எரிவது போலத்தான். பழைய ஃபியூஸ் கேரியருக்கும் அதே கதை. இரண்டுமே வயர் எரியாமல் காக்க வந்தவை. ஆளைக் காப்பது அவற்றின் வேலை இல்லை.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளில், அண்மை ஆண்டுகளில் இந்தியாவில் மின்சாரம் தாக்கி இறப்பவர்கள் ஆண்டுக்கு 12 ஆயிரத்துக்கும் மேல். இதில் அறுந்து விழுந்த கம்பி, வயல் மின்வேலி எல்லாம் சேர்த்தி. ஆனாலும் மோட்டார் போடப் போனவர், துணி காயப்போடப் போனவர், ஹீட்டர் ராடு போட்ட வாளியில் கை விட்டவர் என்று வீட்டு எல்லைக்குள் நடக்கும் மரணங்கள் ஒவ்வொரு மழைக்காலத்திலும் மாவட்டச் செய்தியாக வந்துகொண்டேதான் இருக்கின்றன.

பல்பு எரிஞ்சா ஏர்த் இருக்குன்னு அர்த்தமா?

"ஏர்த் இருக்கா?" என்று கேட்டால் பல எலக்ட்ரீஷியன்கள் செய்யும் சோதனை ஒன்று உண்டு. ஹோல்டரில் ஒரு 100 வாட் குண்டு பல்பை மாட்டி, ஒரு வயரைப் பேஸிலும் இன்னொன்றை ஏர்த்திலும் வைப்பார்கள். பளிச்சென்று எரிந்தால், "ஏர்த் சூப்பரா இருக்கு அண்ணாச்சி." வேலை முடிந்தது.

இது ஏன் போதாது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். எரியும்போது 100 வாட் பல்பின் தடை சுமார் 530 ஓம். வீட்டு ஏர்த் குழியின் தடை 50 ஓம் என்று இருக்கட்டும். அது மோசமான ஏர்த். 5 ஓமுக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவாகப் பின்பற்றும் அளவு, பாறை நிலத்தில் 8 ஓம் வரை ஒத்துக்கொள்வார்கள். அந்த மோசமான 50 ஓமிலும் பல்புக்கு 210 வோல்ட் கிடைத்துவிடும். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது.

அதே வீட்டில் ஃப்ரிட்ஜுக்குள் பேஸ் வயர் உடம்பில் முட்டினால் என்ன ஆகும்? 230-ஐ 50-ஆல் வகுத்தால் 4.6 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்சிபி அசையாது. கோளாறு நீங்காமல் அப்படியே நிற்கும். ஃப்ரிட்ஜின் உடம்பில் கிட்டத்தட்ட முழு வோல்ட்டேஜும் இருக்கும்.

இன்னொன்று, பலரும் யோசிக்காதது. வீட்டில் உள்ள எல்லா மூன்று பின் பிளக்கின் ஏர்த்தும் ஒரே குழிக்குத்தான் போகிறது. அதனால் ஃப்ரிட்ஜில் ஏறிய வோல்ட்டேஜ் வாஷிங் மெஷினுக்கும், கிரைண்டருக்கும், பின்பக்க மோட்டாருக்கும் சேர்ந்தே ஏறும். கோளாறு சமையலறையில், ஷாக் அடிப்பது கொல்லைப்புறத்தில். மோட்டாரைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "மோட்டார் நல்லாத்தான் இருக்கு" என்று மெக்கானிக் போய்விடுவார். அவர் சொன்னதும் பொய்யில்லை.

இதைவிட ஆபத்தான ஒரு குறுக்குவழியும் நடப்பில் இருக்கிறது. ஏர்த் வயர் வராத பாயிண்டில், சாக்கெட்டின் ஏர்த் துளையை நியூட்ரலோடு லூப் அடித்துவிடுவார்கள். டெஸ்டரில் பார்த்தால் எல்லாம் சரி. என்றைக்காவது அந்த நியூட்ரல் விட்டுப்போனால், சுவிட்ச் ஆனில் இருக்கும் பொருளின் உடம்புக்கு முழு 230 வோல்ட்டும் வந்துவிடும். எந்தக் கசிவும் இல்லாத புத்தம்புது பொருள் என்றாலும் இதுதான் நடக்கும். வெளியில் இருந்து பார்த்து இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. சாக்கெட்டைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

மின்கசிவு: எல்லாத்துக்கும் ஒரே சொல்

தீ விபத்துச் செய்திகளில் "மின்கசிவு காரணமாக" என்று எழுதுவது பழக்கமாகிவிட்டது. செய்தி எழுதுகிறவர்களுக்கு வசதியான சொல்தான். ஆனால் அது மூன்று நான்கு வேறு வேறு கோளாறுகளை ஒரே போர்வைக்குள் மூடிவிடுகிறது. பேஸ் வயரில் இருந்து உடம்புக்கோ சுவருக்கோ போவதுதான் கசிவு. பேஸும் நியூட்ரலும் நேரடியாக முட்டிக்கொள்வது ஷார்ட் சர்க்யூட். வயர் தாங்கும் அளவைத் தாண்டி இழுப்பது ஓவர்லோடு. நான்காவது ஒன்று உண்டு, அதிகம் பேசப்படாதது: லூஸ் கனெக்‌ஷன். திருகு தளர்ந்த இடத்தில் சூடு ஏறி, பிளாஸ்டிக் கருகி, ஒருநாள் பற்றிக்கொள்ளும். இதில் மின்னோட்டம் அளவு மீறவே வேண்டாம், அதனால் எம்சிபியும் விழாது.

ஒவ்வொன்றுக்கும் சோதனை வேறு. அதனால்தான் "ஒரு பார்வை பார்த்துட்டேன்" என்பதும் முழுமையான ஆய்வும் ஒன்றல்ல.

உண்மையான ஆய்வில் என்ன நடக்கும்?

நல்ல வயர்மேன் நேராக சுவிட்ச் போர்டுக்குப் போக மாட்டார். முதலில் வெளியே. கம்பத்தில் இருந்து வரும் சர்வீஸ் வயர் மரக்கிளையில் உரசுகிறதா, மாடியில் கைக்கெட்டும் உயரத்தில் தொங்குகிறதா என்று பார்ப்பார். துணி காயப்போடும் இரும்புக் கம்பியை சர்வீஸ் வயர் வரும் பைப்பிலோ, அதைத் தாங்கும் கம்பியிலோ கட்டியிருக்கிறார்களா என்பது முக்கியமான கேள்வி. வயரின் மேலுறை தேய்ந்த அன்று அந்தக் கொடிக்கம்பி முழுவதும் மின்சாரம். ஈரத் துணியோடு போகிறவர்தான் அதை முதலில் தொடுவார். ஒரு நைலான் கயிறு வாங்கிக் கட்டினால் தீர்கிற விஷயம்.

அடுத்து மெயினை அணைத்துவிட்டு செய்யும் சோதனைகள். இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் தனியாக அணைக்க வேண்டும். மெயினை இறக்கினாலும் இன்வெர்ட்டர் லைனில் சப்ளை ஓடிக்கொண்டே இருக்கும் என்பதை மறந்து கை வைத்தவர்கள் உண்டு. போர்டுகளைக் கழற்றி, கருகிய இடம், பச்சை பூத்த செம்பு, தளர்ந்த திருகு, டேப் சுற்றி மறைத்த ஜாயின்ட் ஆகியவற்றைத் தேட வேண்டும். சமாதானபுரம், முருகன்குறிச்சி பக்கத்துப் பழைய வீடுகளில் மரச்சட்டத்தின் மேல் ஆணி அடித்து ஓட்டிய வயரிங் இன்னும் இருந்தால், அதன் ரப்பர் உறை விரலால் தொட்டாலே உதிரும். அதற்குச் சோதனை தேவையில்லை, மாற்ற வேண்டியதுதான்.

பிறகு மெக்கர். வயருக்குள் 500 வோல்ட் டி.சி. செலுத்தி, அதன் மேலுறை எவ்வளவு தாக்குப்பிடிக்கிறது என்று அளக்கும் கருவி. ஒரு நிமிடம் கொடுத்துப் பார்க்கும்போது குறைந்தது 1 மெகா ஓம் காட்ட வேண்டும் என்பது விதி. சோதனைக்கு முன் எல்.இ.டி. பல்பு, டிவி, ஃப்ரிட்ஜ் எல்லாவற்றையும் லைனில் இருந்து பிரித்துவிட வேண்டும், இல்லையென்றால் அவை பழுதாகிவிடும். இதனால்தான் இந்தச் சோதனைக்கு நேரம் பிடிக்கிறது, பலர் இதைத் தவிர்ப்பதும் இதனால்தான். ஆனால் சுவருக்குள் இருக்கும் வயரின் நிலைமையைச் சுவரை உடைக்காமல் சொல்லக்கூடிய கருவி இதுதான்.

மெக்கர் காட்டும் எண்ணை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு லைன் 1 மெகா ஓமுக்கு மேல் இருந்தால் பாஸ் என்பது சரி. ஆனால் ஐந்து வருடம் முன்பு 200 காட்டிய லைன் இப்போது 5 காட்டினால், அதுவும் பாஸ்தான், ஆனாலும் ஏதோ நடந்துகொண்டிருக்கிறது. பாத்ரூம் சுவரில் தண்ணீர் இறங்குகிறதோ, பைப்புக்குள் எலி கடித்திருக்கிறதோ. பழைய எண் கையில் இருந்தால்தான் அது தெரியும்.

ஏர்த் குழியின் தடையை அதற்கென்று உள்ள ஏர்த் டெஸ்டரில் அளக்க வேண்டும். குழியில் இருந்து ஒவ்வொரு சாக்கெட்டின் பெரிய துளை வரை ஏர்த் வயர் அறுபடாமல் வருகிறதா என்பதையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். குழி பிரமாதமாக இருந்து, வழியில் வயர் விட்டுப்போயிருந்தால் பயனில்லை.

கடைசியாக மெயினை ஆன் செய்து பார்ப்பவை. சுவிட்ச் பேஸில் இருக்கிறதா, நியூட்ரலில் இருக்கிறதா? நியூட்ரலில் இருந்தால் லைட் வழக்கம்போல எரியும், அணையும். ஆனால் அணைத்த பிறகும் ஹோல்டரில் சப்ளை இருக்கும். பல்பு மாட்ட ஸ்டூலில் ஏறுகிறவருக்கு அது தெரியாது. எல்லாப் பொருளையும் ஓடவிட்டு டாங் டெஸ்டரில் ஒவ்வொரு லைனின் ஆம்பியரையும் பார்ப்பதும் இந்தக் கட்டத்தில்தான். மூன்று படுக்கையறை வீடு என்றால் இத்தனைக்கும் அரை நாளாவது ஆகும். டெஸ்டரை மட்டும் எடுத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் முடித்தால் அது ஆய்வு இல்லை.

ஆர்சிசிபி அடிக்கடி விழுதுன்னு கழட்டலாமா?

ஆர்சிசிபி, ஆர்சிடி, ஈஎல்சிபி என்று கடைகளில் பல பெயரில் கேட்கிறார்கள். செய்யும் வேலை இதுதான்: பேஸில் போன மின்சாரமும் நியூட்ரலில் திரும்பி வந்த மின்சாரமும் சமமா என்று ஓயாமல் எண்ணிப் பார்ப்பது. 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், எங்கோ யாரோ ஒருவர் வழியாகவோ சுவர் வழியாகவோ போகிறது என்று பொருள். உடனே துண்டித்துவிடும். 30 மில்லி ஆம்பியரில் 0.3 நொடிக்குள்ளும், அதன் ஐந்து மடங்கில் 0.04 நொடிக்குள்ளும் துண்டிக்க வேண்டும் என்பது தரநிலை. ஏர்த் சுமாராக இருக்கும் வீட்டில் உயிர் காக்கும் கடைசி ஆள் இதுதான்.

தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் மின் பகிர்மான விதித்தொகுப்பைத் திருத்தி, வீடு, கடை, கல்வி நிலையம் போன்ற இடங்களில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிடி பொருத்துவதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. விலை ஒரு நல்ல மிக்ஸியின் விலைகூட இருக்காது.

மாட்டிய வீடுகளிலும் ஒரு சிக்கல். மழை பெய்தால் விழும், மோட்டார் போட்டால் விழும். "இதால பெரிய தொந்தரவு தம்பி, கழட்டிவிட்டுரு" என்பார் வீட்டுக்காரர். தம்பியும் அதைத் தாண்டி நேராக லைன் கொடுத்துவிட்டுப் போவார். மழை பெய்தால் விழுகிறது என்றால் வெளி லைட்டிலோ மாடிச் சுவரிலோ ஈரம் இறங்குகிறது. மோட்டார் போட்டால் விழுகிறது என்றால் மோட்டார் காயிலோ, போர்வெல்லுக்குள் இறங்கும் கேபிளோ கசிகிறது. இரண்டு லைனின் நியூட்ரல் கலந்து கிடந்தாலும் விழும். ஒவ்வொரு லைனாகப் பிரித்துப் பார்த்தால் ஒரு மணி நேரத்தில் இடம் தெரிந்துவிடும்.

அதில் இருக்கும் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். விழவில்லை என்றால் கருவி செத்துவிட்டது, மாற்றுங்கள். பட்டன் வேலை செய்தால் கருவி வேலை செய்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். வீட்டு ஏர்த் நன்றாக இருக்கிறது என்று இல்லை. ஒரு கையில் பேஸையும் மறு கையில் நியூட்ரலையும் ஒருவர் பிடித்தால் ஆர்சிசிபிக்குத் தெரியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். போனதும் வந்ததும் சமமாகத்தானே இருக்கும்.

பெரிய எம்சிபி போட்டா சரியாகிடுமா?

ஆகாது. 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். கீசரும் அதே அளவு. 20 வருடம் முன்பு ட்யூப் லைட்டுக்கும் ஃபேனுக்கும் போட்ட மெல்லிய வயரில் இவற்றைச் சேர்த்தால் எம்சிபி விழத்தான் செய்யும். 16-ஐக் கழற்றி 32 மாட்டினால் விழுவது நிற்கும், வயர் சுவருக்குள் வேகும். வயருக்கு ஏற்ற எம்சிபிதான் வேண்டும், பொருளுக்கு ஏற்றது இல்லை. ஏ.சி.க்கும் கீசருக்கும் போர்டில் இருந்து தனி லைன் இழுக்க வேண்டும். வீட்டுக்கு அனுமதிக்கப்பட்ட மின்பளு எத்தனை கிலோவாட் என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.

எப்போது சோதிக்கலாம்? மே மாதமும், ஐப்பசி மழையும்

ஏர்த்தின் தடை மண்ணின் ஈரத்தைப் பொறுத்தது. கார்த்திகையில் அளந்தால் ஆற்றங்கரை மண்ணில் அருமையான எண் கிடைக்கும். அதே குழி அக்னி நட்சத்திரத்தில் காய்ந்து கிடக்கும்போது இரண்டு மூன்று மடங்குகூடக் காட்டலாம். வி.எம். சத்திரம் பக்கம் போலச் சரளை மண் என்றால் இன்னும் மோசம். எனவே ஏர்த்தை மே மாதத்தில் அளப்பதே நேர்மையான சோதனை. வயரின் மேலுறைக்கு இது தலைகீழ். வெயிலில் காய்ந்த சுவரில் மெக்கர் நல்ல எண் காட்டும். வடகிழக்குப் பருவமழையில் சுவர் ஊறியபோதுதான் உண்மை வெளிவரும். ஒரே நாளில் இரண்டையும் முடிக்க முடியாது என்பது சங்கடம்தான். முழு ஆய்வை மே மாதம் வைத்துக்கொண்டு, மழைக்காலத்தில் ஆர்சிசிபி விழுகிறதா என்று கவனிப்பது நடைமுறைக்கு ஒத்துவரும்.

வெள்ளம் வடிந்த வீட்டில் முதல் வேலை

வீட்டுக்குள் தண்ணீர் நிற்கும்போது, அதில் நின்றுகொண்டு மெயினை அணைக்கப் போகக் கூடாது. மின்னகம் 94987 94987 எண்ணுக்கு அழைத்து, வெளியே சப்ளையை நிறுத்தச் சொல்ல வேண்டும். மாடியில் சோலார் பேனல் இருந்தால் வெயில் அடிக்கும் வரை அதன் கம்பிகளில் மின்சாரம் இருக்கும். அதைத் தொடக் கூடாது.

தண்ணீர் வடிந்த பிறகு, மூழ்கிய சுவிட்ச், சாக்கெட், எம்சிபி, ஆர்சிசிபி ஆகியவற்றை வெயிலில் காயவைத்து மறுபடி மாட்டுவது வீண் சிக்கனம். உள்ளே படிந்த வண்டல் போகாது. எம்சிபியின் உள் பாகங்கள் துருப்பிடித்து, தேவைப்படும் நாளில் விழாமல் போகும். நல்ல பி.வி.சி. வயர் தண்ணீரைத் தாங்கும், ஆனால் பைப்புக்குள் தண்ணீர் தேங்கியிருக்கும், ஜாயின்ட்டுகள் நாசமாகியிருக்கும். மெக்கர் பார்த்து ஒவ்வொரு லைனாகத்தான் சப்ளை கொடுக்க வேண்டும். கிரைண்டர், வாஷிங் மெஷின், மோட்டார் எதையும் "காஞ்சிருச்சு" என்று பிளக்கில் சொருகிப் பார்க்காமல் மெக்கானிக்கிடம் கொடுத்த பிறகே ஓட்ட வேண்டும்.

வாடகை வீடு, மாணவர் அறை: செலவு யாருக்கு?

பாளையங்கோட்டையில் இது பெரிய கேள்வி. தூய சவேரியார், தூய யோவான், சாராள் தக்கர், சதக்கத்துல்லாஹ் அப்பா, அரசு சித்த மருத்துவக் கல்லூரி என்று கல்லூரிகளைச் சுற்றி அறை எடுத்துத் தங்குகிற பிள்ளைகள் ஏராளம். ஒரு அறையில் நாலு பேர், ஒரே ஒரு பிளக் பாயிண்ட், அதில் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதில் கெட்டில், அயர்ன் பாக்ஸ், ஹீட்டர் ராடு, நாலு சார்ஜர். 2024 செப்டம்பரில் மதுரை கட்ராபாளையத்தில் ஒரு பெண்கள் விடுதியில் அதிகாலையில் ஃப்ரிட்ஜ் வெடித்துத் தீப்பிடித்ததில் இரண்டு பெண்கள் இறந்தார்கள்.

2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம் பராமரிப்பை இரண்டாகப் பிரிக்கிறது. வீட்டின் உள், வெளி வயரிங்கும் அதன் பராமரிப்பும் உரிமையாளர் பொறுப்பு. சுவிட்ச், சாக்கெட் மாதிரியான சின்னப் பழுதுகள் குடியிருப்பவர் பொறுப்பு. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை இதுதான் நிலை. எனவே "ஃப்ரிட்ஜ் ஷாக் அடிக்கு அண்ணாச்சி" என்று சொல்லும்போது, "உங்க ஃப்ரிட்ஜ மாத்துங்க" என்று பதில் வந்தால், ஏர்த்தை அளந்து காட்டச் சொல்லிக் கேட்க வாடகைக்காரருக்கு நியாயம் இருக்கிறது.

யாரைக் கூப்பிடுவது?

தமிழ்நாடு அரசின் மின் உரிமம் வழங்கும் வாரியம் ஒப்பந்ததாரர்களுக்கு உரிமமும், மேற்பார்வையாளர், கம்பியாள் ஆகியோருக்குத் தகுதிச் சான்றிதழும் தருகிறது. வருகிறவரிடம் அதைக் காட்டச் சொல்வதில் கூச்சம் வேண்டாம். பேட்டை அரசு ஐ.டி.ஐ. போன்ற இடங்களில் எலக்ட்ரீஷியன் பிரிவு படித்துவிட்டு வந்த பையன்களுக்கு மெக்கர் பிடிக்கத் தெரியும். பல சமயம் கையில் கருவி இருப்பதில்லை, வீட்டுக்காரர்கள் கேட்காததால் வாங்குவதும் இல்லை. போனில் பேசும்போதே, "மெக்கரும் ஏர்த் டெஸ்டரும் கொண்டு வருவீங்களா?" என்று கேட்டுவிடுங்கள்.

வேலை முடிந்ததும் ஒரு தாளில் தேதி, ஒவ்வொரு லைனின் மெகா ஓம், ஏர்த் குழியின் ஓம், ஆர்சிசிபி விழ எடுத்த நேரம், அவர் கையெழுத்து, உரிம எண் ஆகியவற்றை எழுதி வாங்கி மெயின் போர்டு கதவின் உள்பக்கம் ஒட்டிவைக்கலாம். அடுத்த முறை வருகிறவர் முதலில் பார்க்க வேண்டியது அந்தத் தாளைத்தான்.